சங்குப் பிளவுக்கு அனுமதி இல்லை

நோர்பரி, லண்டன்
9 மார்ச் 2024

அன்புள்ள மேனுஷாவுக்கு,

நானும் சுஜீத்தும் சுகம். என் முழங்கால் மட்டும் குளிர் போகும்வரை தன்பாட்டுக்கு நோகும், அதை விடு. நீ எப்படி இருக்கிறாய்? அமெரிக்காவில் ரேஞ்சர் வேலை கிடைத்தபோது, மாதம் ஒருமுறை தமிழில் எழுதுவேன் என்று ஹீத்ரோவில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனவள் நீ. போன கடிதம் பொங்கலுக்கு முன் வந்தது. அதிலும் மணற்பாறையை ‘மனற்பாரை’ என்று எழுதியிருக்கிறாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எல்லாருக்கும் உன்னைத்தான் உதாரணம் காட்டினேன். உன் அம்மா இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சுஜீத்துக்கும் ஜெரோசனுக்கும் இப்போது கயிறுப் பைத்தியம். வாசலில் நின்று “அன்ரி, இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்பானே, மெற்றில்டா அக்காவின் மகன், அந்த ஜெரோசன்தான். பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு மாஸ்டராக இருக்கிறான். வேல்சில் பாறைகளில் ஏறி இறங்கியது போதாதாம். உங்கள் பூங்காவில் சங்குப் பிளவு என்று ஒரு ஒடுங்கிய பாறை இடுக்கு இருக்கிறதாமே, மேலிருந்து கயிறு கட்டி இறங்கி, குளங்களை நீந்திக் கடந்து வெளியே வருவதாம். அதற்குக் குலுக்கலில் பெயர் விழவேண்டுமாம். இரண்டு முறை போட்டும் விழவில்லை. சுஜீத் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறான்.

அனுமதி கொடுக்கிற கந்தோருக்குள் இருக்கிறவள் நீ. ஒரு சொல் சொல்லிவிட்டால் ஆகாதா? வெளியாட்களா கேட்கிறார்கள்? உன் தம்பி.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பியில்லாமல் திரியாதே.

உன் சின்னம்மா,
தவநாயகி

*

பூங்கா ஊழியர் குடியிருப்பு
2 ஏப்ரல் 2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கறுத்துவிட்டேன், மெலியவில்லை. உங்கள் முழங்காலுக்கு டொக்டர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. போகவே இல்லை என்று விளங்கிக்கொண்டேன்.

தம்பி விஷயத்தில் என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. கோபிக்க வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். சங்குப் பிளவுக்குள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் விடமாட்டோம். பாதி இடம் குலுக்கலில் போகிறது. மீதி, முதல்நாள் காலை நேரில் வந்து வரிசையில் நிற்பவர்களுக்கு. கூட்டம் கூடினால் கயிறு உரசி மணற்பாறை அரம் போட்டதுபோல் தேய்ந்துவிடும். பாறையில் ஆணி அடிக்கக்கூடாது. கயிற்றை விட்டுவிட்டு வரக்கூடாது. உள்ளே இருக்கும்போது வயிறு கலக்கினால், அதையும் ஒரு பையில் கட்டி வெளியே கொண்டுவரவேண்டும். இதைப் படிக்கும்போது உங்கள் முகம் போகும் போக்கை இங்கிருந்தே பார்க்கிறேன்.

வெள்ள எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு யாருக்கும் அனுமதி இல்லை. தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்; எங்கோ தூரத்து மேட்டில் பெய்த மழை ஒடுங்கிய பிளவுக்குள் சுவர்போல வரும். நான் வந்த முதல் வருடம் அப்படி ஒருவரை வெளியே எடுத்தோம். அதைப்பற்றி எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

இன்னொன்று. சொந்தக்காரரின் விண்ணப்பத்தை நான் தொடவே கூடாது, வேறொருவர்தான் பார்ப்பார். அனுமதிச் சீட்டு ஆட்களை மறிப்பதற்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது போனவர்கள் திரும்பி வராவிட்டால் எங்கே போய்த் தேடுவது என்று நாங்கள் அறிவதற்கு, சின்னம்மா.

வரச் சொல்லுங்கள். நேரில் வரிசையில் நிற்கட்டும். என் வீட்டில் படுக்கலாம்.

இங்கே குடியிருப்பில் போன் எடுபடாது. அதனால் உங்கள் கடிதம் வரும் நாள் எனக்கு நல்ல நாள். முழங்காலைக் காட்டுங்கள்.

அன்புடன்,
மேனுஷா

*

நோர்பரி
18 மே 2024

அன்புள்ள மேனுஷாவுக்கு,

முழங்காலைக் காட்டினேன். தேய்மானமாம், நடக்கட்டாம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதைவிட எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாய் என்பதுதான் எனக்குச் சந்தோசம்.

முதலில் உன் கடிதம் எனக்குக் கோபத்தைத் தந்தது என்பதை மறைக்கவில்லை. தம்பிக்கும் வளையாத சட்டம் என்ன சட்டம் என்று மெற்றில்டா அக்காவிடம் சொன்னேன். அவள், “பிள்ளை சரியாத்தானே சொல்லுறா, தவம்” என்று உன் பக்கம் நின்றுவிட்டாள். இரண்டு பேரும் ஓகஸ்டில் வருகிறார்கள். டிக்கெட் போட்டாயிற்று. மிளகாய்த்தூள், ஒடியல் மா, மெற்றில்டா அக்கா செய்த எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாம் கொடுத்துவிடுகிறேன்.

சுஜீத்துக்கு ஒரு புத்தி சொல்லியிருக்கிறேன். கவுண்டரில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, மேலதிகமாக வாயைத் திறக்காதே என்று. அவன் அப்பாவும் நானும் அகதி விசாவுக்காகக் குரோய்டனில் விடியவிடிய வரிசையில் நின்ற காலத்தில் படித்த பாடம் அது. ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் அதற்கு ஒன்பது கேள்வி வரும். உன் சித்தப்பா சாகும்வரைக்கும் யூனிபோர்ம் போட்ட ஆளைக் கண்டால் சேர்ட் பொத்தானைத் தடவிப் பார்ப்பார். நீ இப்போது யூனிபோர்ம் போட்டவள். சிரிக்காதே.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

சின்னம்மா

*

பூங்கா ஊழியர் குடியிருப்பு
21 ஓகஸ்ட் 2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் பிள்ளைகள் வந்து இறங்கி இரண்டு நாள். ஊறுகாய் முடிந்துவிட்டது. குற்றவாளி ஜெரோசன்.

இன்று காலை வரிசையில் முதலாவதாக நின்றார்கள். ஆனால் நாளைக்கு வெள்ள எச்சரிக்கை போட்டிருப்பதால் சங்குப் பிளவை மூடிவிட்டோம். கவுண்டரில் என் சக ஊழியர்தான் இருந்தார். பக்கத்திலுள்ள நரிப் பிளவுக்குச் சீட்டுக் கொடுத்தார். அது அகலம், மேட்டில் இருக்கிறது, தண்ணீர் ஏறாது. குளங்கள் கிடையாது, நடந்து நடந்து இரண்டு இடத்தில் கயிற்றில் இறங்குவதுதான். தம்பிக்கு முகமே இல்லை. “இவ்வளவு தூரம் வந்து ஒரு வாய்க்காலுக்க இறங்கிப்போட்டு வாறதோ, அக்கா?” என்றான். நாளை மறுநாள் வானத்தைப் பார்ப்போம் என்று சொன்னேன். “சரி, நரியைப் பாப்பம்” என்றான்.

இப்போது இரண்டு பேரும் என் குசினியில் நின்று ரொட்டி சுடுகிறார்கள். புகை. அதனால் இத்துடன் நிறுத்துகிறேன். இரண்டு பிளவுக்கும் ஒரே இடத்தில்தான் கார் விடுவது. விடிய நானே கொண்டுபோய் விடுவேன். நீங்கள் யோசிக்காதேயுங்கள்.

அன்புடன்,
மேனுஷா

*

பூங்கா ஊழியர் குடியிருப்பு
15 செப்டெம்பர் 2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தம்பியின் கைக்கட்டு அவிழ்த்தாயிற்றா? போனில் நாம் இரண்டு பேரும் அழுதோமே தவிர ஒன்றும் கதைக்கவில்லை. நடந்ததை உங்களுக்கு நான் சொல்லவேண்டும். எழுத்தில்தான் என்னால் முடியும்.

அன்று காலை வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மத்தியானம் வடக்கு மேட்டில் மழை கொட்டியது. சங்குப் பிளவில் வெள்ளம் வந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். நரிப் பிளவில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றாலும், வெளியே வரும் இடத்தில் போய்ப் பார்த்தோம். அவர்கள் இல்லை. உடனே தேடத் தொடங்கினோம். என் மேலதிகாரி கேட்டார்: “சீட்டில் எழுதிய இடத்தை விட்டு வேறு எங்கேயும் போயிருப்பார்களா?” நான் சொன்னேன்: “அவன் என் தம்பி. எனக்குப் பொய் சொல்லமாட்டான்.”

அதன் பிறகுதான் உங்களுக்கு ஸ்பீக்கரில் போன் எடுத்தோம். உங்களுக்கு இரவு, இங்கே இன்னும் நல்ல வெளிச்சம். வேறு இடம் ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். இருந்த ஆட்கள் எல்லாரையும் நரிப் பிளவுக்குள் இறக்கினோம். இடியிலும் மின்னலிலும் ஹெலிகொப்டர் ஏறவில்லை. என் சொல்லை நம்பி, பொழுதுபடும்வரை அந்த வெறும் பிளவில் கல்லுக்குக் கல் தேடினார்கள்.

நீங்கள் விடிய எழும்பி, “எனக்கு இப்பத்தான் யோசனை வந்தது, சங்குக்குப் போயிருப்பாங்களோ தெரியாது” என்று போன் எடுத்திராவிட்டால் தம்பியும் இல்லை. உங்களுக்கு எப்படித் தோன்றியதோ, அந்த எண்ணம்தான் அவனைக் காப்பாற்றியது. உங்களுக்கு விடியும்போது இங்கே இரவு; இருட்டில் கயிறு கட்டி இறங்கினோம். முதலில் இறங்கிய ஆட்களில் நானும் ஒருத்தி. வெள்ளம் அடித்தபோது தம்பியின் கை முறிந்திருக்கிறது. ஒரு ஆள் ஒடுங்கிக் கிடக்கக்கூடிய பாறை விளிம்பு ஒன்றில் அவனை ஏற்றிவிட்டு, ஜெரோசன் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்று தோளால் முட்டுக் கொடுத்திருக்கிறான். வெயில் படாத தண்ணீர், சின்னம்மா. கோடையிலும் ஐஸ்தான். நான் போய்த் தொட்டபோது அவன் உயிர் போயிருந்தது, ஆனால் உடம்பு இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்கவில்லை. நாங்கள் பிந்தியது கொஞ்ச நேரம்தான்.

அந்த வெளிச்சம் இருந்த நேரம் முழுக்க நான் வீணாக்கினேன். மெற்றில்டா அன்ரிக்கு என்ன எழுதுவது?

தம்பியைத் திட்டாதேயுங்கள்.

மேனுஷா

*

நோர்பரி
12 ஒக்டோபர் 2024

அன்புள்ள மேனுஷாவுக்கு,

இங்கே இருக்கிறோம். சுஜீத்தின் கை பொருந்தி வருகிறது. உனக்கு நித்திரை வருகிறதா?

ஜெரோசனின் செத்தவீடு தோர்ன்ரன் ஹீத் மாதா கோயிலில் நடந்தது. அவன் படிப்பித்த பிள்ளைகள் பள்ளிக்கூட உடுப்போடு வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். மெற்றில்டா அக்கா அழவில்லை. வந்தவர்களுக்கு இருக்க இடம் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைத் தன் பக்கத்தில் இருத்தினாள். பூசை முழுக்க என் கையைப் பிடித்திருந்தாள்.

கடைசியாகக் கதைத்தபோதுகூட ஜெரோசன் பின்னால் நின்று பகிடி விட்டது காதில் கிடக்கிறது.

நீ உன்னையே குற்றம் சொல்லாதே. யாருடைய பிழையும் இல்லை, வெள்ளம் வந்தது. எனக்கு அப்படித் தோன்றியது, போன் எடுத்தேன், அவ்வளவுதான். அதைப்பற்றி இனி எழுதாதே. சனங்கள் பலதும் கதைக்கும். இவளின் பெறாமகள் அந்தப் பூங்காவுக்குள் இருந்தவள், அவள்தான் பார்த்திருக்கவேண்டும் என்று கோயில் வாசலில் ஒருத்தி சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உடம்பைப் பார்.

சின்னம்மா

*

பூங்கா ஊழியர் குடியிருப்பு
10 நவம்பர் 2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நித்திரைதான் வருவதும் போவதுமாக இருக்கிறது. உங்கள் கடிதம் மிகவும் சின்னதாக இருந்தது. நான் விட்ட எழுத்துப் பிழைகளை நீங்கள் திருத்தவும் இல்லை.

கோயில் வாசலில் அந்த மனுசி சொன்னது சரி. நான் கவுண்டர் வேலையிலிருந்து விலகிக்கொண்டேன். சீட்டு எழுதக் கை வரவில்லை. யாராவது வந்து நின்று ‘இந்தப் பிளவுக்குத்தான் போகிறோம்’ என்று சொன்னால், அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இப்போது பாதைகளில் கல் அடுக்குகிற வேலை. மார்ச்சில் வேலையை அடியோடு விடலாம் என்று யோசிக்கிறேன்.

மெற்றில்டா அன்ரிக்கு எழுதவேண்டும். நான் யாரிடம் என்ன சொன்னேன், ஏன் பிந்தினோம் என்று அவவுக்குத் தெரியவேண்டும். அவ முன்பிருந்த வீட்டு விலாசம்தான் என்னிடம் இருக்கிறது. புதிய விலாசம் அனுப்புவீர்களா? தம்பிக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. கோபமா?

அன்புடன்,
மேனுஷா

*

நோர்பரி
20 டிசெம்பர் 2024

அன்புள்ள மேனுஷாவுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது. எனக்குப் பிரஷர் கூடியிருக்கிறதாம், குளிசை தந்திருக்கிறார்கள். நீ கம்பளி உடுப்பு வாங்கினாயா?

மெற்றில்டா அக்காவுக்கு இப்போது எழுதவேண்டாம். அவன் இல்லாமல் அவளுக்கு இது முதல் நத்தார்ப் பெருநாள். கொஞ்ச நாள் போகட்டும். நான் கிழமைக்கு ஒருமுறை சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கதவைத் திறந்து, “வாரும் தவம், நீர் ஒராள்தான் எனக்கு இருக்கிறீர்” என்கிறாள். உள்ளே போய் இருந்துவிட்டு வருகிறேன்.

சுஜீத் இப்போது பிளேஸ்டோவில் நிரூபன் என்ற சிநேகிதனோடு இருக்கிறான். வேலைக்கு அங்கிருந்து போவது சுகமாம்.

வேலையை விடாதே. அது உன் பிழை இல்லை என்று சொன்னேனே.

கேக் அனுப்பியிருக்கிறேன். உடையாமல் வந்ததா என்று எழுது.

சின்னம்மா

*

பூங்கா ஊழியர் குடியிருப்பு
2 பெப்ரவரி 2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

கேக் உடையாமல் வந்தது. குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

விசாரணை முடிந்தது. தம்பி லண்டனிலிருந்து வீடியோவில் சாட்சி சொன்னான். சீட்டை மீறிச் சங்குக்குப் போனது தன் யோசனை, ஜெரோசன் வேண்டாம் என்றுதான் சொன்னான் என்றான். அவன் முகத்தை அன்றுதான் பார்த்தேன். இளைத்துவிட்டான். கடைசியாக அவர்கள், இறங்குவதற்கு முன் யாருக்காவது அறிவித்தாயா என்று கேட்டார்கள். அவன் முறிந்த கையைத் தடவினான். பிறகு, “அம்மாவோட கதைச்சனான்” என்றான். அவர்கள் அதற்குமேல் கேட்கவில்லை. அவர்களுக்கு அது தாயும் மகனும் கதைத்தது, அவ்வளவுதான்.

கார் விடும் இடத்தில் போன் எடுபடாது. மேலே ஏறி, இரண்டு பிளவுக்கும் பாதை பிரிகிற முகட்டில் நின்றால்தான் எடுபடும். அங்கே நின்றுதான் அவன் உங்களுக்கு எடுத்திருக்கவேண்டும்.

சின்னம்மா, நான் கோபத்தில் கேட்கவில்லை. தெரியவேண்டும் என்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு அவன் உங்களுக்கு என்ன சொன்னான்?

மேனுஷா

*

நோர்பரி
4 மே 2025

அன்புள்ள மேனுஷாவுக்கு,

மூன்று மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. சுகமில்லாமல் அல்ல. நல்ல சுகமாகத்தான் இருந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதோ தெரியாது, ஆனாலும் கேட்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் இது. அன்று பின்னேரம் எனக்குத் தேத்தண்ணி நேரம். சுஜீத் போன் எடுத்தான்.

“அம்மா, நாங்கள் சங்குக்குத்தான் போறம். மழையும் இல்லை, மண்ணும் இல்லை. அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. பிடிச்சா கேஸ் போடுவாங்கள், பிறகு அமெரிக்காவுக்கு வரவே ஏலாது. அக்காவின்ர வேலைக்கும் பிரச்சினை.”

பின்னால் ஜெரோசன், “அன்ரி, இவனுக்கு ரெண்டு அடி போடுங்கோ” என்றான்.

நான் போகாதே என்று சொல்லியிருக்கலாம். “காசைக் கொட்டிப் போன இடம்தானே, கவனமாப் போட்டு வாங்கோ. நான் வாயே திறக்கமாட்டன்” என்றேன்.

பிறகு நீ எடுத்தாய். அதிகாரிகள் பக்கத்தில் நிற்கிற சத்தம் கேட்டது. நீ இங்கிலிஷில் கேட்டாய். நீ தமிழில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எத்தனையோ நாள் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அது பொய். அப்போதும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். பிள்ளைகள் எங்கேயோ ஒதுங்கி நிற்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள், நான் சொன்னால் சுஜீத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. வெள்ளத்தைவிட யூனிபோர்முக்குத்தான் பயந்தேன். நீ கேட்டாய், நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

விடியப்புறம் சாமிக்கு விளக்கு வைத்தேன். என் பிள்ளைகளைக் காப்பாற்று என்று கும்பிட்டால் எங்கே என்று சொல்லவேண்டுமே. ‘சங்குப் பிளவில நிக்கிறாங்கள், அப்பனே’ என்று என் வாயாலேயே சொன்னேன். சாமிக்குச் சொன்னதை உனக்குச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உனக்குப் போன் எடுத்தேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. இப்பத்தான் யோசனை வந்தது என்றேன்.

அந்த யோசனைதான் தம்பியைக் காப்பாற்றியது என்று நீ எழுதினாய். நான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, உன்னை அப்படியே நினைக்க விட்டேன். சுஜீத் லண்டனுக்குத் திரும்பி வந்ததும் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன் என்றான். வாயை மூடு என்று நான்தான் அடக்கினேன். அதனால்தான் அவன் வீட்டில் இல்லை. பிளேஸ்டோவிலிருந்து வேலைக்குப் போவது சுகம் என்று உனக்கு எழுதியதும் பொய்தான்.

உன் பெப்ரவரிக் கடிதத்துக்கு எத்தனையோ பதில் எழுதிக் கிழித்தேன். உனக்கு எழுத முன் மெற்றில்டா அக்காவுக்குச் சொல்லவேண்டும் என்று விளங்கியது. அதற்குத்தான் இவ்வளவு காலம் எடுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் மேசையடியில் இருந்து உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உரிப்பதை அவள் நிறுத்தவில்லை. நான் முடித்தபிறகுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அண்டைக்கு இரவு நீர் எனக்குப் போன் எடுத்தனீர் எல்லே” என்றாள்.

“ஓம், அக்கா.”

“அது தண்ணியில்லாத இடம், ரெண்டு பேரும் எங்கயாவது ஒதுங்கி நிப்பினம், பயப்பிடாமல் போய்ப் படுங்கோ எண்டு சொன்னனீர்.”

“ஓம்.”

“நீர் படுத்தனீரோ?”

“இல்லை, அக்கா.”

“நான் படுத்தனான்” என்றாள். “உம்மட சொல்லைக் கேட்டு நல்லா நித்திரை கொண்டனான். என்ர பிள்ளை தண்ணிக்குள்ள நிண்ட நேரம் முழுக்க நான் நித்திரை. முழிச்சிருந்து ஒரு செபமாலை எண்டாலும் சொல்லியிருப்பன். அதையும் நீர் எடுத்துப்போட்டீர்.”

அவள் உள்ளித் தோலைக் கூட்டி அள்ளினாள். பிறகு, “மேனுஷாவை வரச் சொல்லும். அந்தப் பிள்ளையோட நான் கதைக்கவேணும். நீர் இனி இஞ்ச வரவேண்டாம்” என்றாள். கதவுவரை வந்தாள். நான் கொண்டுபோன சாப்பாட்டைத் திருப்பிக் கையில் தந்தாள்.

அவளுடைய விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். நீ விட்ட பிழை ஒன்றும் இல்லை, மேனுஷா. உன் தம்பி பொய் சொல்லமாட்டான் என்று நினைத்தாய். உன் சின்னம்மாவும் பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்தாய். அதற்குமேல் உன்னிடம் பிழை இல்லை. இதை உன் மேலதிகாரியிடம் காட்டு. வேலையை விடாதே. என்னை மன்னி என்று கேட்க நான் எழுதவில்லை.

தவநாயகி

*

தோர்ன்ரன் ஹீத், லண்டன்
22 ஜூன் 2025

சின்னம்மாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். வந்து நான்கு நாள். மெற்றில்டா அன்ரி என்னை ஜெரோசனின் அறையில் படுக்கச் சொன்னா. முதல் நாள் என்னால் முடியவில்லை, கதிரையில் இருந்தேன். இரண்டாம் நாள் அவவே வந்து போர்வையை விரித்துவிட்டா.

அவவுக்கு எல்லாம் தெரியவேண்டியிருந்தது. தண்ணீர் எவ்வளவு உயரம், அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றான், நாங்கள் எடுத்தபோது கண் மூடியிருந்ததா. ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். “ஜெரோசன் என்ர பிள்ளையைத் தாங்கிக்கொண்டு நிண்டான் எண்டு உம்மட சின்னம்மா ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லை” என்றா. உங்களால் அதைச் சொல்ல முடிந்திராது என்று எனக்குத் தெரியும். அவவுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னா. சுஜீத்தை அவ ‘என்ர பிள்ளை’ என்று சொன்னதை நீங்கள் அறியவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேற்றுத் தம்பி வந்தான். அன்ரி கதவைத் திறந்து வழி விட்டா. பிறகு சாப்பாடு போட்டா. அவனோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்தான். அடுத்த சனியும் வருவான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மேலதிகாரியிடம் காட்டவில்லை. நான் கேட்கும்போது தமிழில் கேட்டிருக்கலாம். ஸ்பீக்கரை நிற்பாட்டி, ‘சின்னம்மா, நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்பவில்லை. எனக்கு நம்ப விருப்பமில்லையோ தெரியாது. அடுத்த மாதத்திலிருந்து திரும்பக் கவுண்டரில் நிற்கிறேன். சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு, உண்மையில் எங்கே போகிறீர்கள் என்று இன்னொருமுறை கேட்பேன். ஆட்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அம்மா போனபிறகு என்னை வளர்த்தது நீங்கள் என்பதும் இருக்கிறது. இரண்டில் எது பெரிது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வியாழக்கிழமை பஸ் எடுத்து நோர்பரி வரை வந்தேன். உங்கள் தெருவில் திரும்பினேன். நீங்கள் முன்வாசலில் குனிந்து நின்று ஏதோ புல் பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள். நல்லாய் மெலிந்துவிட்டீர்கள். கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை, திரும்பிவிட்டேன்.

நாளைக்குப் பயணம். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உங்கள் கதவில் போடுவேன். குளிசையை விடாதேயுங்கள். முழங்காலுக்கு நடவுங்கள்.

கடிதம் விழுகிற சத்தம் கேட்டதும் உடனே கதவைத் திறக்காதேயுங்கோ, சின்னம்மா. நான் தெருமுனை தாண்டும்வரை பொறுங்கோ.

மேனுஷா